எட்டுச் சுற்று குறைந்த மோட்டார்

திருநெல்வேலியில் ஒருவர் அரசாங்க உத்தியோகத்தை நடுவழியில் விட்டார் என்றால் ஊர் இரண்டே காரணம்தான் சொல்லும். லஞ்சத்துக்குக் கை நீட்டி மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் புத்தி பேதலித்திருக்க வேண்டும். அம்மையப்பன் கை நீட்டாதவர் என்பது அலுவலக வாசலில் டீ விற்பவர் வரைக்கும் தெரிந்த சங்கதி. ஆகவே 1992 மார்ச் மாதக் கடைசியில் அவர் விருப்ப ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்த அன்று, இரண்டாவது காரணமே ஏகமனதாக முடிவாயிற்று.

நாற்பத்தாறு வயது. இருபத்துமூன்று வருஷ சர்வீஸ். பாளையங்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர் நாற்காலி. மின்விசிறிக்கு நேர் கீழே இருந்ததால் நாலு பேர் கண் வைத்திருந்த நாற்காலி அது. அதை விட்டுவிட்டு மனுஷன் போய் உட்கார்ந்த இடமோ பேட்டையில் பீர் மைதீனின் மோட்டார் காயில் கட்டும் கடை. எரிந்துபோன பம்புசெட்டு மோட்டார்களைப் பிரித்து, கரிந்த தாமிரக் கம்பியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுக்கிற வேலை. கையெல்லாம் வார்னிஷ், சட்டையெல்லாம் கரி.

இந்தப் பித்து பிடித்தது அதற்கு இரண்டு வருஷம் முன்னால். வீட்டுக் கிணற்று மோட்டார் எரிந்துபோயிற்றென்று சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிப் பேட்டைக்குக் கொண்டுபோனார். கொடுத்துவிட்டுப் பத்து நிமிஷத்தில் திரும்புவதாக உத்தேசம். கடை பூட்டுகிற வரைக்கும் நகரவில்லை. பீர் மைதீனுக்கு அப்போது முப்பத்துமூன்று வயது இருக்கும். சவுதியில், தம்மாமில் ஆறு வருஷம் மோட்டார் வேலை பார்த்துவிட்டு வந்து சொந்தக் கடை போட்டிருந்தார். வாடிக்கைக்காரர்களோடு பேசிக்கொண்டே, குனிந்துகூடப் பார்க்காமல், அவருடைய விரல்கள் மோட்டாரின் இரும்பு வளையத்துக்குள் கம்பியை இறக்கிக்கொண்டிருந்தன. வளையத்தின் உட்புறம் வரிசையாகக் காடி வெட்டியிருக்கும். ஒவ்வொரு காடியிலும் காகிதம் மடித்து வைத்து, கம்பிச் சுற்றை இறக்கி, மேலே மூங்கில் ஆப்பு செருகி மூட வேண்டும். எல்லாம் முடிந்து மின்சாரம் கொடுத்ததும், செத்துக் கிடந்த மோட்டார் 'ம்ம்' என்று எழுந்தது. அந்தச் சத்தத்தில் அம்மையப்பனுக்குப் புல்லரித்துவிட்டது. வீட்டுக்குச் சைக்கிள் மிதித்து வந்த வழியெல்லாம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தார்.

அலுவலகத்தில் ஒரு கோப்பை இந்த மேஜையிலிருந்து அனுப்பினால் மூன்று மாதம் கழித்து ஒரு கேள்வியோடு அதே மேஜைக்குத் திரும்பி வரும். பதில் எழுதி அனுப்பினால் பதிலுக்கு ஒரு கேள்வி வரும். செய்தது சரியா தப்பா என்று சொல்ல அங்கே ஒரு ஜீவனும் கிடையாது. மோட்டார் அப்படி இல்லை. சரியாகக் கட்டினால் ஓடும். தப்பாகக் கட்டினால் மூஞ்சியில் புகையை ஊதும். இப்படி நேர்மையான ஒரு மேலதிகாரியை அம்மையப்பன் தன் சர்வீஸிலேயே பார்த்ததில்லை.

சனிக்கிழமைதோறும் பேட்டைக்குப் போக ஆரம்பித்தார். பிறகு தினமும் சாயங்காலம். பிறகு விடுப்புப் போட்டுவிட்டுக் காலையிலேயே. விரல் நுனி தடித்தது, நகக்கண்ணில் கறுப்பு ஏறியது. கோப்பு எழுதும்போதே கை தன்பாட்டுக்குக் கம்பி சுற்றத் தொடங்கியதும், இனி இரண்டு படகில் கால் வைக்க முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மூன்று மாத அறிவிப்பு. ஜூன் முப்பதாம் தேதி சாயங்காலத்தோடு வேலை முடியும். அதுவரைக்கும் நினைத்தால் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

அவர் மனைவி சொர்ணாம்பாள் அழவில்லை, சண்டை போடவில்லை. குறுக்குத்துறை ரோட்டு வீட்டில், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எதிரே வந்து உட்கார்ந்தாள். அவளுடைய அப்பா வாத்தியார் வேலையை உதறிவிட்டு ஜவுளிக்கடை வைத்து, கடையும் போய் வேலையும் போய்த் திண்டாடியதைப் பத்து வயதில் பார்த்தவள். மகள் மதுமதி கல்லூரியில் கடைசி வருஷம். பயம் இல்லாமல் இருக்குமா?

"நான் குறுக்க நிக்கல," என்றாள். "ஆனா ஒண்ணு. மைதீன் கடையில நீங்க எடுபிடியா, மோட்டார்க்காரரா, அது எனக்குத் தெரியணும். ஜூன் முப்பதுக்குள்ள ஒரு மோட்டாரு, மத்த ஆரு கையும் படாம நீங்களே கட்டி, அது நின்னு ஓடணும். ஓடுனா நான் வாயத் திறக்க மாட்டேன். ஓடலன்னா கடுதாசியத் திருப்பி வாங்கிட்டு, மறுநா சட்டையத் தேச்சுப் போட்டுட்டு ஆபீசுக்குப் போயிரணும். சம்மதமா?"

"சம்மதம்," என்றார் அம்மையப்பன். ஒரு மோட்டார்தானே என்று நினைத்துக்கொண்டார்.

ஏப்ரலும் மேயும் மைதீனோடு சேர்ந்து செய்த வேலையிலேயே ஓடிப்போயின. ஜூன் முதல் வாரத்தில், வாழைத்தார் ஏற்றி வந்த வேன் ஒன்று கடை வாசலில் நின்றது. அதிலிருந்து இறங்கியவர் ஸ்ரீவைகுண்டம் பக்கத்து விவசாயி அருமைநாயகம். மூன்று ஏக்கர் வாழை. அந்த வருஷம் சாரல் தாமதம், கால்வாயில் தண்ணீர் விடவில்லை, எல்லாரும் கிணற்றை நம்பியிருந்த நேரம். வேனுக்குள் அவருடைய ஐந்து குதிரைசக்தி மோட்டார் கரிந்து கிடந்தது.

"இது அஞ்சாவது தடவ," என்றார் அவர். "மொத தடவ இடி விழுந்து எரிஞ்சுது. அதுக்குப் பொறவு வருசம் ஒருக்க எரியுது. நாலு கடையில குடுத்தாச்சு. குலை தள்ளுத நேரம், தண்ணி இல்லன்னா நான் போய்ச் சேர்ந்தேன்."

மைதீன் மோட்டாரைப் பார்க்கவில்லை. அம்மையப்பனைப் பார்த்தார். "அண்ணாச்சி, இது உங்க மோட்டாரு. அக்காகிட்ட வாக்குக் குடுத்திருக்கீய. நான் ஒரு ஆப்புகூடச் செருக மாட்டேன்."

அம்மையப்பன் அன்று சாப்பிடப் போகவில்லை. மோட்டாரைப் பிரித்தார். பழைய கம்பியை வெட்டி எடுக்கும் முன் அதை எண்ணி வைத்துக்கொள்வதுதான் இந்தத் தொழிலின் அரிச்சுவடி. எத்தனை சுற்று, எவ்வளவு கனமான கம்பி, எந்த முனை எதோடு சேர்கிறது என்று குறித்துக்கொண்டு, புதுக் கம்பியை அச்சு அசலாக அப்படியே போட வேண்டும். மற்ற கடைகளில் மனக்கணக்காகச் செய்வார்கள். அம்மையப்பனோ பெரிய தாளில் கட்டம் போட்டு, சிவப்பு மை நீல மையில் படம் வரைந்தார். ஒரு சுருளுக்கு நாற்பத்துநாலு சுற்று. ஒரு தடவைக்கு மூன்று தடவை எண்ணினார். நாற்பத்துநாலுதான். நகல் எடுப்பதில் அவரை அடிக்க அந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. இருபத்துமூன்று வருஷம் செய்த வேலை வேறு என்ன?

நாலு நாள். மரஅச்சில் கம்பி சுற்றி, காடியில் இறக்கி, ஆப்பு செருகி, நூலால் வரிந்து கட்டி, வார்னிஷ் ஊற்றி வெயிலில் காயவைத்தார். சோதனை பல்பை வைத்துப் பார்த்தபோது எங்கும் மின்கசிவு இல்லை. கட்டின கட்டு கோயில் நகை போல மினுங்கியது. மைதீன் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ், பொண்ணு பாக்க வாரவங்களுக்குக் காட்டலாம் போலருக்கு," என்றார். அம்மையப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை.

வைகாசி விசாகத்தன்று மோட்டாரைக் கொண்டுபோய்ப் பூட்டினார். ஊரே வெறிச்சோடிக் கிடந்தது. சனங்கள் எல்லாம் திருச்செந்தூருக்கு நடந்தும் வண்டி பிடித்தும் போய்விட்டார்கள். வயல்காட்டில் ஒரு மோட்டார் சத்தம் கிடையாது. அருமைநாயகம் வேதக்காரர், கிறிஸ்தவர். அவருக்கு விசாகமும் ஒன்றுதான், வியாழக்கிழமையும் ஒன்றுதான். காலை பத்து மணிக்கு சுவிட்சைத் தட்டினார்.

மோட்டார் எழுந்தது. குழாயில் ஒரு செருமல் வந்தது, பிறகு தண்ணீர் வெள்ளையாகப் பாய்ந்து தொட்டியில் விழுந்து வாய்க்காலில் ஓடியது. நாற்பத்தாறு வயது மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர் கூடவே வரப்பில் ஓடினார். முதல் வாழையின் அடியைத் தண்ணீர் தொட்டபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அரை மணி நேரம் பார்த்தார். அதற்கு மேல் பொறுக்கவில்லை. அருமைநாயகத்தின் சைக்கிளை வாங்கி ஸ்ரீவைகுண்டத்துக்கு மிதித்துப்போய், ஒரு பூத்திலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு சொர்ணாம்பாளைக் கூப்பிடச் சொன்னார்.

"ஓடுது," என்றார். மூச்சு வாங்கியது. "நான் கட்டுனது ஓடுது."

"நல்லா ஓடட்டும்," என்றாள் அவள். அந்தக் குரலில் இருந்த சிரிப்பைக் கேட்டுப் பல வருஷம் ஆயிருந்தது.

திரும்பி வந்தபோது தூரத்திலேயே நாற்றம் அடித்தது. எரிந்த வார்னிஷ் நாற்றம் ஒரு தடவை மூக்கில் ஏறினால் ஆயுசுக்கும் மறக்காது. மோட்டார் அறைக் கதவு வழியாகப் புகை வந்துகொண்டிருந்தது. அருமைநாயகம் சுவிட்சை அணைத்துவிட்டு வெளியே நின்றார். அம்மையப்பன் அறைக்குள் போய் நின்றார். நாலு நாள் கட்டிய கட்டு ஒன்றேகால் மணி நேரத்தில் கரியாகியிருந்தது.

"கரண்டு சரியில்ல போலருக்கு அண்ணாச்சி," என்றார் அருமைநாயகம் தணிந்த குரலில். "முன்ன கட்டுன நாலு பேரும் அதான் சொன்னான். லோ வோல்டேஜு."

கையில் கொடுத்த ஊன்றுகோல் மாதிரி வந்த வார்த்தை. அம்மையப்பன் அதைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். தொழிலில் எல்லாரும் பிடித்துக்கொள்கிற கோல்தான். ஆனால் அந்த அறையின் உச்சியில் தொங்கிய பல்பைப் பார்த்தார். பகலிலேயே கண்ணைக் குத்தும்படி பளீரென்று எரிந்துகொண்டிருந்தது.

"இல்ல அண்ணாச்சி," என்றார். "கரண்டு நல்லாத்தான் இருக்கு. நான் கட்டுனதுலதான் தப்பு. என்ன தப்புன்னு எனக்கு இப்பத் தெரியல. கண்டுபிடிச்சு நானே கட்டித் தாரேன்."

அருமைநாயகம் அவரை ஒரு மாதிரி பார்த்தார். "தப்புன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான்," என்றார். பிறகு மோட்டாரை அவரிடமே விட்டார்.

ஆனாலும் வீட்டில் போய் அதைச் சொன்ன இராத்திரி கஷ்டமானது. சொர்ணாம்பாள் எழுந்து போய்க் காலண்டரில் முப்பதாம் தேதிக்கு எத்தனை நாள் என்று எண்ணினாள். அதுதான் தாங்க முடியவில்லை. அவள் தம்பி பாலசுப்பிரமணியன் வங்கியில் அதிகாரி. நல்ல பையன்தான், கொஞ்சம் வாய் நீளம். விஷயம் கேள்விப்பட்டு மறுநாள் காலையிலேயே வந்து, "அத்தான், பரீட்சை எழுதியாச்சு, ரிசல்ட்டும் வந்தாச்சு. போயி கடுதாசியைத் திருப்பி வாங்குங்க," என்றான். முப்பதாம் தேதி வரைக்கும் நாள் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மையப்பன் சைக்கிளை எடுத்தார்.

போகப் போக ஒரு கேள்வி முளைத்தது. அலுவலகத்தில் எந்தச் சிக்கல் வந்தாலும் முதலில் அவர் கேட்பது அதன் பூர்வோத்திரம், முன்கதை. மறுபடியும் பஸ் பிடித்து அருமைநாயகத்தின் தோட்டத்துக்கே போய், முன்னால் எரிந்தது எல்லாம் என்னென்ன தேதி என்று கேட்டார்.

அருமைநாயகம் சிரித்துவிட்டார். "அத ஏன் கேக்கிய. ஊர்க்காரன் எல்லாம் கேலி பண்ணுதான். உங்ககிட்டக் கொண்டாந்தனே, அது பக்கத்தூரு கொடை அன்னைக்கு எரிஞ்சது. போன வருசம் பங்குனி உத்திரத்துல எரிஞ்சுது. அவன் அவன் குடும்பத்தோட சாஸ்தா கோயிலுக்குப் போயிருந்தான். அதுக்கு முன்னால ரெண்டு தடவ இங்கன அம்மன் கோயில் கொடைத் திருவிழா அன்னைக்கு. இப்ப விசாகம். சாமி நாள்ல மோட்டார் போட்டா சாமி சும்மா விடுமாங்கான். ஒருக்க ஆருக்கும் தெரியாம சாஸ்தாவுக்கு ஒரு தேங்காய்கூட விடலையா ஒடைச்சுட்டு வந்தேன். எங்க சர்ச்சு சாமியாருகிட்டச் சொல்லிராதீய."

அம்மையப்பன் சிரிக்கவில்லை. எழுந்து நின்றுவிட்டார். சாமி நாளில் ஊர் மோட்டார் ஒன்றும் ஓடாது. ஒன்றும் ஓடாவிட்டால் கம்பியில் மின்சாரம் முழு பலத்தோடு வரும். பல்பு பளீரென்று எரியும். அன்றைக்கெல்லாம் பார்த்து இந்த மோட்டார் எரிகிறது. அப்படியானால் குறைந்த மின்சாரத்தில் பிழைத்துக் கிடந்து, நிறைந்த மின்சாரத்தில் சாகிற மோட்டார் இது. ஊரில் நாலு மோட்டார்க்காரர்கள் சொன்ன காரணத்துக்கு நேர் தலைகீழ்.

பேட்டைக்கு வந்து மைதீனிடம் கொட்டினார். மைதீன் கம்பியைக் கீழே வைத்தார். "முழு கரண்டுல எரியுதுன்னா," என்று இழுத்தார், "சுத்து குறைச்சலா இருக்கணும் அண்ணாச்சி. சுத்து குறைஞ்சா மோட்டாரு அளவு தெரியாமக் கரண்டத் தின்னும். கொஞ்சமாப் போட்டா பிழைச்சுக்கிடும். இலை நிறையப் போட்டா வயிறு வெடிச்சுச் செத்துப்போகும். ஆனா நீங்க எண்ணுனது சரியாத்தான இருந்துது?"

"எண்ணுனது சரி," என்றார் அம்மையப்பன். "எதை எண்ணுனேங்கதுதான் தப்பு."

அலுவலகத்தில் புதிதாக வருகிற எழுத்தர்களை இதற்காகவே எத்தனை பேரை அவர் வறுத்தெடுத்திருக்கிறார். நகலை நகலோடு ஒப்பிடாதே, அசலைக் கொண்டா என்று மேஜையைத் தட்டியிருக்கிறார். இடி விழுந்த வருஷம் முதலில் கட்டின மகராசன் எவனோ அவசரத்திலோ கம்பிக் குறைச்சலிலோ சுற்றைக் குறைத்துவிட்டான். அடுத்தவன் அதை எண்ணி அப்படியே போட்டான். அதற்கடுத்தவன் இவனுடையதை எண்ணினான். கடைசியில் அம்மையப்பன் என்கிற கண்காணிப்பாளர் வந்து, சிவப்பு மை நீல மையில் படம் வரைந்து, அந்தத் தப்பை ஒரு பிசகில்லாமல் நகல் எடுத்துவிட்டார். மற்றவர்களாவது எண்ணிக்கையில் ஒன்றிரண்டு விட்டிருப்பார்கள். நினைக்க நினைக்க அவருக்கு வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"தம்மாம்ல கம்பெனிச் சீட்டு இருக்கும், அதப் பாத்துப் போடுவோம்," என்றார் மைதீன். "இங்கன சீட்டுக்கு எங்க போக? எரிஞ்சதுதான் சீட்டு."

"அப்ப எரியாததைப் பிடிப்போம்," என்றார் அம்மையப்பன்.

அதே கம்பெனி, அதே அளவு, யாரும் பிரித்துக் கட்டாத மோட்டார் ஒன்று வேண்டும். நன்றாக ஓடுகிற மோட்டாரை வெட்டிப் பார்க்க எந்த விவசாயி விடுவான்? பழைய இரும்புக் கடைகள்தான் கதி. பேட்டையிலிருந்து மேலப்பாளையம் வரைக்கும் கடைகளைப் பட்டியல் எழுதி, பார்த்ததை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு போனார். முதல் நாள் இல்லை. இரண்டாம் நாள் இல்லை. கிடைத்ததிலெல்லாம் தாமிரத்தை ஏற்கெனவே உருவியிருந்தார்கள். ஜூன் பத்தொன்பதாகிவிட்டது. ஐந்தாம் நாள் மத்தியானம் மேலப்பாளையத்தில் ஒரு கடைக்குள் நுழைந்தபோது, கடைக்காரர் ஒரு மோட்டாரின் மேல் உளியை வைத்துச் சுத்தியலை ஓங்கியிருந்தார். அதே கம்பெனியின் தகடு அப்படியே இருந்தது. உள்ளே கம்பெனி நூல், கம்பெனி வார்னிஷ். கிணற்றில் விழுந்து உடைந்த மோட்டார், ஒருநாளும் எரிந்ததில்லை. அம்மையப்பன் குறுக்கே பாய்ந்துவிட்டார். கடைக்காரர் பயந்தே போனார்.

அங்கேயே, இரும்புக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து ஒரு சுருளை வெட்டி எண்ணினார். ஐம்பத்திரண்டு. இன்னொரு சுருளை எண்ணினார். ஐம்பத்திரண்டு. மூன்றாவதும் ஐம்பத்திரண்டு. சுருளுக்கு எட்டுச் சுற்று குறைந்த மோட்டாரைத்தான் நாலு பேர் மாறி மாறிக் கட்டி, மின்சாரத்தின் மேலும் சாஸ்தாவின் மேலும் பழி போட்டிருக்கிறார்கள். அந்தச் சுருளைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு பேட்டைக்குச் சைக்கிள் மிதித்தார். இப்படி ஒரு சந்தோஷம் பதவி உயர்வு உத்தரவு வந்த அன்றுகூட அவருக்கு வந்ததில்லை.

மைதீன் தானும் ஒரு தடவை எண்ணிப் பார்த்தார். "பத்து வருசமா எரிஞ்சதத்தான் அண்ணாச்சி நானும் எண்ணுதேன்," என்றார். "எத்தன மோட்டார இப்படிக் கெடுத்தேனோ." அன்று மற்ற வேலையை நிறுத்திவிட்டு, அம்மையப்பன் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். வாக்குப்படி கை மட்டும் வைக்கவில்லை.

காடிக்குள் எட்டுச் சுற்று கூடுதலாக இறக்குவது லேசில்லை. இடம் கொள்ளவில்லை. விரல் வெடித்து ரத்தம் வந்தது. காகிதத்தை மெலிதாக்கி, ஆப்பைச் சீவி, ஒவ்வொரு கம்பியாக நெருக்கிப் படியவைத்தார். ஆறு நாள் பிடித்தது. இருபத்தெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்ப் பூட்டினார். பக்கத்துக் கிணற்றில் கெஞ்சி வாங்கி ஒப்பேற்றிக்கொண்டிருந்த அருமைநாயகத்துக்கு உயிர் வந்தது. இரண்டு நாள் மோட்டார் ஓடியது. ஆனால் ஊர் மோட்டார் எல்லாம் ஓடுகிற நேரம், பல்பு வாழைப்பழ நிறத்தில் அழுதுகொண்டிருந்தது. அந்த ஓட்டம் ஓட்டமே இல்லை என்று அம்மையப்பனுக்குத் தெரியும். அருமைநாயகம்தான் சொன்னார்: "செவ்வாக்கிழம இங்கன கொடை."

செவ்வாய்க்கிழமை ஜூன் முப்பது.

காலையிலேயே நையாண்டி மேளம் கேட்கத் தொடங்கிவிட்டது. பதினொரு மணிக்கு மத்தியானக் கொடைக்கு ஊர் முழுக்கக் கோயில் முன் கூடியது. வயல்காட்டில் மோட்டார்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அறைக்குள் பல்பு வெளுத்து, வெளுத்து, கண்ணைக் கூசவைத்தது. பொறுக்க மாட்டாமல் அம்மையப்பன் வெளியே வந்தார், வெளியே நிற்க மாட்டாமல் உள்ளே போனார். மோட்டாரின் முதுகில் புறங்கையை வைத்து வைத்து எடுத்தார்.

பன்னிரண்டேகாலுக்கு வரப்பு முனையில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. பாலசுப்பிரமணியன் ஓட்ட, பின்னால் சொர்ணாம்பாள். பாலிஷ் போட்ட செருப்போடு வரப்பில் தட்டுத்தடுமாறி வந்தான் அவன். கையில் டைப் அடித்த தாள் ஒன்று. விருப்ப ஓய்வு விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று நாலு வரி. கீழே கையெழுத்துக்கு இடம்.

"அத்தான், இப்பக் கையெழுத்துப் போட்டா நானே கொண்டு போய் ஆபீஸ்ல குடுத்துருவேன். அஞ்சரைக்கு மேல குடுத்தா செல்லாது."

"ரெண்டு மணி வரைக்கும் பொறு மாப்பிள்ளை," என்றார் அம்மையப்பன்.

சொர்ணாம்பாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அறைக்குள் போனாள். இரைச்சலோடு ஓடிக்கொண்டிருந்த மோட்டாரின் முன் கொஞ்சம் தயங்கி நின்றாள். பிறகு குழந்தையின் நெற்றியில் வைக்கிற மாதிரி புறங்கையை அதன் மேல் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

"காய்ச்சல் இல்லையே," என்றாள்.

ஒன்றேகால் மணி நேரம் தாண்டியது. ஒன்றரை தாண்டியது. கோயில் பக்கம் மேளம் உச்சத்துக்குப் போய் அடங்கியது. இரண்டு மணிக்கு அருமைநாயகம் ஓலைப்பெட்டியில் வாழைப்பழமும் நுங்கும் கொண்டுவந்து வைத்தார், யாரும் தொடவில்லை. பாலசுப்பிரமணியன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை எப்போது நிறுத்தினான் என்று அவனுக்கே தெரியாது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வாய்க்காலுக்குள் காலை விட்டு உட்கார்ந்து, தண்ணீர் எத்தனை வாழை தாண்டியது என்று எண்ணிக்கொண்டிருந்தான். மூன்று மணிக்கு அம்மையப்பன் மறுபடி புறங்கையை வைத்தார். வெயிலில் கிடந்த வெண்கலப் பானை அளவுக்குக்கூடச் சூடு இல்லை. நாலு மணி நேரம் முழு மின்சாரம்.

அவர் சுவிட்சை அணைத்தார். திடீரென்று வந்த அமைதியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒண்ணுமில்ல," என்றார். "ஒரு தாள் வேணும். இதுல எத்தன சுத்து, என்ன கம்பின்னு எழுதி உள்ள வச்சிரணும். என்னைக்காவது இது திரும்பவும் எரிஞ்சா, பிரிக்கிறவன் தப்பா எண்ணிரக் கூடாது."

சட்டைப் பையைத் தடவினார். பேனா இருந்தது, தாள் இல்லை. அருமைநாயகம் அங்கேயும் இங்கேயும் பார்த்தார். வாழைத் தோட்டத்தில் தாளுக்கு எங்கே போவது?

சொர்ணாம்பாள் வாய்க்கால் கரைக்குப் போனாள். தம்பியின் மடியிலிருந்த தாளை எடுத்தாள். டைப் அடித்த பக்கத்தைக் கீழே திருப்பி, வெறும் பக்கம் மேலே வரும்படி கணவரிடம் நீட்டினாள்.

அம்மையப்பன் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. தாளைச் சுவரில் வைத்து, கம்பெனியின் பெயர், ஒரு சுருளுக்கு ஐம்பத்திரண்டு சுற்று, கம்பியின் கனம், எந்த முனை எதோடு சேரும் என்கிற படம் எல்லாவற்றையும் நிதானமாக எழுதினார். கட்டியவர் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுத் தேதியிட்டார்.

"அக்கா," என்றான் பாலசுப்பிரமணியன்.

"கையெழுத்து வாங்கத்தானடா கொண்டு வந்த," என்றாள் சொர்ணாம்பாள். "போட்டாச்சு."

அம்மையப்பன் தாளை நாலாக மடித்து, பாலித்தீன் பைக்குள் சுருட்டி, மோட்டாரின் இணைப்புப் பெட்டிக்குள் வைத்தார். மூடியைப் பொருத்தி நாலு திருகையும் முடுக்கிவிட்டு, அருமைநாயகத்தைச் சுவிட்சைப் போடச் சொன்னார்.